விதைக்க முடியாத விளைச்சல்

மழைக்காலத் தொடக்கத்தில் ஓர் இரவு இடி முழங்கினால், மறுநாள் விடியலில் புற்றோரமும் வேலியோரமும் காளான் தேடிச் செல்வது நம் சிற்றூர் மக்களின் பழக்கம். இடி இடித்தால் காளான் பூக்கும் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இந்த நம்பிக்கை நமக்கு மட்டுமே உரியதன்று. ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முன்னர், கிரேக்க நாட்டின் எலிஸ் நகரில் நடந்த ஒரு விருந்தைப் பற்றி அறிஞர் புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். விருந்தில் பெரிய பெரிய நிலத்தடிக் காளான்கள் பரிமாறப்பட்டன. அண்மையில் இடித்த இடியே இவற்றைப் பிறப்பித்தது என்றார் ஒருவர். அது எங்ஙனம் கூடும் என்று மற்றவர் வினவ, விருந்து முழுவதும் விவாத மேடையாயிற்று.

அந்த விருந்தினரின் வினா எளிதானதுதான். வேரில்லை, விதையில்லை, தண்டில்லை, இலையில்லை. மண்ணுக்குள் உருண்டையாகக் கிடக்கும் இப்பொருள் எங்கிருந்து வருகிறது? இவ்வினாவுக்கு மனித இனம் விடை காண ஏறத்தாழ 18 நூற்றாண்டுகள் பிடித்தன. அந்த விடையின் வரலாற்றோடு ஒரு நாட்டுப்புறத்தின் எழுச்சியும் வீழ்ச்சியும் பின்னிக் கிடக்கின்றன. தென்பிரான்சு நாட்டின் காடுகளில் விளையும் கறுப்பு டிரஃபிள் என்னும் அரிய காளானின் கதையே அது. அரியவை ஏன் அரியவையாகின்றன என்பதை நாம் எண்ணிப் பார்க்க இக்கதை துணை செய்யும்.

மண்ணுக்குள் ஒரு கனி

முதலில் இப்பொருளை அறிந்துகொள்வோம். 1831-ஆம் ஆண்டில் மிலான் நகர மருத்துவர் கார்லோ வித்தாதினி நிலத்தடிக் காளான்களைப் பற்றிய நூலொன்றில் இதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். பெரிகோர் டிரஃபிள் என்று உலகம் இதனை அழைக்கிறது. பெரிகோர் என்பது பிரான்சின் தென்மேற்குப் பகுதி. ஆயினும் அந்நாட்டு விளைச்சலின் பெரும்பங்கு தென்கிழக்கிலுள்ள புரோவான்சு வட்டாரத்திலிருந்தே வருகிறது.

ஓக் எனப்படும் கருவாலி மரத்தின் அடியிலும், ஹேசல் என்னும் கொட்டை மரத்தின் அடியிலும் இது விளையும். சுண்ணாம்பு நிறைந்த, கல்லும் சரளையுமான, நீர் தேங்காத மண்ணே இதற்கு உகந்தது. நெல்லிக்காய் அளவு முதல் ஆரஞ்சுப் பழ அளவு வரை உருண்டிருக்கும். புறத்தே கரடுமுரடான கருந்தோல்; அறுத்துப் பார்த்தால் கறுத்த சதையில் வெள்ளை நரம்புகள் ஓடும். கோடையில் உருக்கொண்டு, கார்த்திகை முதல் மாசி முடிய, நடுக்குளிரில் முதிர்கிறது. முதிர்ந்தபின் அதன் மணம் மண்ணைத் துளைத்து வெளிவருகிறது.

அந்த மணத்துக்கு ஒரு காரணம் உண்டு. தரைக்கு மேல் முளைக்கும் காளான் தன் நுண்வித்துகளைக் காற்றில் தூவிவிடும். மண்ணுக்குள் புதைந்திருக்கும் இதற்கு அவ்வழி இல்லை. ஆகவே காட்டுப்பன்றி முதலான விலங்குகளை மணத்தால் அழைத்து, தன்னை உண்ணச் செய்து, அவற்றின் வயிற்றின் வழியாகவே தன் வித்துகளைப் பரப்புகிறது. மனிதரும் இந்த அழைப்பைப் பயன்படுத்திக்கொண்டனர். நோர்ச்சா ஊரின் பன்றிகள் மண்ணுக்குள் கிடக்கும் டிரஃபிளை மோப்பம் பிடிக்கும் திறத்தை, 15-ஆம் நூற்றாண்டில் வத்திக்கான் நூலகராக விளங்கிய பிளாத்தினா வியந்து எழுதியுள்ளார். பன்றியிடம் ஒரு குறை: தோண்டியதைத் தானே விழுங்கிவிடும். ஆதலால் காலப்போக்கில் பழக்கிய நாய்களே இப்பணிக்கு மிகுதியாக வந்துசேர்ந்தன.

பண்டைய உரோமையர் இதன் பிறப்பைப் பற்றிக் கொண்டிருந்த கருத்துக்கு ஒரு சுவையான சான்று உண்டு. கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது உயிர் துறந்த அறிஞர் பிளினி, தம் காலத்தில் நடந்த நிகழ்ச்சி ஒன்றைக் குறிப்பிடுகிறார். ஸ்பெயினில் உயர் பதவியில் இருந்த லார்த்தியஸ் லிசினியஸ் என்பவர் டிரஃபிள் ஒன்றைக் கடித்தபோது, உள்ளேயிருந்த வெள்ளி நாணயம் ஒன்று பட்டு அவருடைய முன்பற்கள் வளைந்துபோயினவாம். ஆகவே மண்ணே தன்னைத் திரட்டிக்கொண்டு இவ்வாறு உருண்டையாகிறது என்பது பிளினியின் முடிவு. பண்டையோர் பெரிதும் உண்டது வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் மணற்பாங்கான நிலங்களில் விளையும் வேறு இனம் என்று அறிஞர் கருதுகின்றனர். எந்த இனமாயினும், அது விதைக்கக்கூடிய பொருள் என்று எவரும் எண்ணவில்லை. கிடைத்தால் பேறு, கிடைக்காவிட்டால் மீண்டும் தேடல் என்பதே நெடுங்கால வழக்கமாக இருந்தது.

நிலத்தை வாங்கியவன்

ஏறத்தாழ 1810-ஆம் ஆண்டில் புரோவான்சு வட்டாரத்தில் இந்த நிலை மாறத் தொடங்கியது. ஆப்த் நகருக்கு அருகிலுள்ள செயின்ட் சத்துர்னேன் என்னும் ஊரில் ஜோசப் தலோன் என்ற எளிய உழவர் வாழ்ந்தார். டிரஃபிள் விளையும் கருவாலி மரங்களின் அடியில் உதிர்ந்து கிடந்த கொட்டைகளைப் பொறுக்கி, வேறொன்றுக்கும் உதவாத தம் கற்பாங்கான நிலத்தில் அவர் ஊன்றினார். சில ஆண்டுகள் கழிந்தன. கன்றுகள் வளர்ந்தன. அவற்றின் அடிமண்ணைக் கிளறியபோது அங்கே டிரஃபிள் இருந்தது!

தலோன் இதனை எவரிடமும் சொல்லவில்லை. பயனற்றவை என்று பிறர் கைவிட்ட நிலங்களை ஓசையின்றி வாங்கி, அவற்றிலும் கருவாலிக் கொட்டைகளை ஊன்றினார் என்று அவ்வட்டாரத்தில் வழங்கும் வரலாறு கூறுகிறது. நற்செய்தியில் வரும் ஒரு மனிதர் இங்கு நம் நினைவுக்கு வராமல் இரார். நிலத்தில் மறைந்திருந்த புதையலைக் கண்டு, அதை மூடி மறைத்து, தமக்குள்ளதையெல்லாம் விற்று அந்நிலத்தை வாங்கிக்கொண்டவர் அவர். உவமையில் புதையல் ஒருமுறைதான் கண்டெடுக்கப்படுகிறது. தலோன் கண்டதோ ஆண்டுதோறும் திரும்பி வரும் புதையல். அவருடைய மறைவடக்கம் நெடுநாள் நிலைக்கவில்லை. உறவினர் வழியாகவும் அண்டை அயலார் வழியாகவும் செய்தி மெல்லக் கசிந்தது.

கார்பான்த்ரா நகர வணிகர் ஒகுஸ்த் ரூசோ 1847-இல் ஏழு ஹெக்டேர் நிலத்தில் இதே முறையைப் பின்பற்றினார். டிரஃபிள் விளையும் மரங்களின் கொட்டைகளையே தேர்ந்து விதைத்தார். அவருடைய விளைச்சல் 1855-இல் பாரிஸ் மாநகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் பரிசு பெற்றது. வேளாண் அறிஞரும் முன்னாள் அமைச்சருமான காஸ்பரேன் பிரபு ரூசோவின் தோப்பை நேரில் பார்வையிட்டு, அதன் செய்தியை நாடெங்கும் பரப்பினார். டிரஃபிள் வேண்டுவோர் கருவாலியை விதைக்கட்டும் என்ற அறிவுரை அக்காலத்தில் அவர் பெயரோடு சேர்ந்தே வழங்கியது.

இந்த அறிவுரையின் பொருளைச் சற்று ஊன்றி நோக்குவோம். நெல் வேண்டுமாயின் நெல்லை விதைக்கிறோம். தென்னை வேண்டுமாயின் தேங்காயைப் புதைக்கிறோம். இங்கோ, வேண்டிய பொருள் ஒன்று, விதைக்கும் பொருள் வேறொன்று. விரும்பியதை நேரே விதைக்க முடியாது. அது வந்து தங்குவதற்குரிய மரத்தை விதைக்கலாம், மண்ணைப் பேணலாம், பின்னர்க் காத்திருக்கலாம். ஏழு, எட்டு ஆண்டுகளிலும் வரலாம், பதினைந்து ஆண்டுகளிலும் வரலாம், வராமலும் போகலாம். அடுத்தடுத்து நிற்கும் இரு மரங்களில் ஒன்று கொடுக்கும், மற்றொன்று கொடாது. வேளாண்மை என்றும் சொல்ல முடியாத, வெறும் வேட்டை என்றும் சொல்ல முடியாத ஓர் இடைநிலைத் தொழில் இது.

அழிவிலிருந்து எழுந்த தோப்புகள்

அடுத்து வந்த ஐம்பது ஆண்டுகளில் தென்பிரான்சின் உழவர்மீது துன்பம் அடுக்கடுக்காக வந்து விழுந்தது. 1850-களில் பட்டுப்புழுக்களைத் தாக்கிய பெப்ரின் என்னும் நோய் பட்டுத் தொழிலை நிலைகுலையச் செய்தது. லூயி பாஸ்டர் 1865 முதல் சில ஆண்டுகள் இந்நோயை ஆராய்ந்ததை நாம் அறிவோம். முசுக்கொட்டைத் தோப்புகள் பயனற்றுப் போயின. பட்டுத் தொழில் தேறுவதற்குள், அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த பிலாக்செரா என்னும் நுண்பூச்சி 1860-களில் ரோன் ஆற்றுப் பகுதியின் திராட்சைக் கொடிகளைத் தாக்கத் தொடங்கியது. வேரைத் தின்னும் அப்பூச்சிக்கு மருந்தில்லை. தலைமுறைகள் உழைத்து வளர்த்த கொடிகள் காய்ந்து சருகாயின.

வெறுமையான அந்தச் சுண்ணாம்புச் சரிவுகளில் என்ன செய்வது? தலோனும் ரூசோவும் காட்டிய வழி அப்போது உழவர்க்குக் கைகொடுத்தது. முசுக்கொட்டை பட்ட இடத்திலும் திராட்சை பட்ட இடத்திலும் கருவாலி ஊன்றப்பட்டது. மரக்கரிக்காக வெட்டப்பட்டும், ஆடுகளால் மேயப்பட்டும் மொட்டையாகிக் கிடந்த வான்தூ மலையின் அடிவாரத்திலும், மலைகளில் மீண்டும் மரம் வளர்க்க வேண்டும் என்று 1860-இல் பிரான்சில் சட்டம் இயற்றப்பட்ட காலத்தையொட்டி, கருவாலிக் காடுகள் எழுந்தன. பெதுவேன் என்னும் ஊர்ப்பொதுநிலம் அவற்றுள் ஒன்று. 1890 அளவில் பிரான்சில் 75,000 ஹெக்டேர் நிலத்தில் டிரஃபிள் தோப்புகள் இருந்தன என்று கணக்கிடப்பட்டுள்ளது. ஆண்டு விளைச்சல் ஆயிரம் டன்னையும் கடந்தது என்பது பொதுவான மதிப்பீடு.

ஆக, அரச விருந்துகளின் அணிகலனாகிய இந்தக் காளானை உலகுக்கு மிகுதியாக அளித்தது கன்னிக்காடு அன்று. மனிதர் கைப்பட விதைத்து, கிளை கழித்து, ஆடு மேய்த்து, வெயில் புகும்படி திறந்து வைத்திருந்த காடே அதனை அளித்தது. பட்டும் திராட்சையும் இழந்த ஏழை உழவரின் கண்ணீர் காயாத நிலத்தில்தான் அது விளைந்தது.

வேரில் ஒரு உடன்படிக்கை

கொட்டையை விதைத்தால் காளான் ஏன் வருகிறது? தலோனுக்கும் தெரியாது, ரூசோவுக்கும் தெரியாது. விடை வேறொரு நாட்டிலிருந்து வந்தது. பிரஷ்ய அரசு தன் மண்ணிலும் டிரஃபிள் பயிரிட இயலுமா என்று அறிய விரும்பியது. தாவரவியல் பேராசிரியர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் பிராங்கிடம் அந்த ஆய்வு ஒப்படைக்கப்பட்டது. பிரஷ்யாவுக்கு டிரஃபிள் தோப்புகளை அவரால் தர இயலவில்லை. ஆனால் மரங்களின் நுனிவேர்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த அவர், அவ்வேர்கள் பூஞ்சை இழைகளால் உறையிட்டாற்போல் மூடப்பட்டிருப்பதைக் கண்டார். அந்தப் பூஞ்சை வேரை நோயுறச் செய்யவில்லை. மரத்துக்கு ஊட்டந்தரும் செவிலியாய் அது விளங்கியது. 1885-இல் இந்த உறவுக்கு அவர் சூட்டிய பெயர் மைக்கோரைசா. பூஞ்சையும் வேரும் சேர்ந்தது என்பது அதன் பொருள். நாம் வேர்ப்பூஞ்சை என்கிறோம்.

வேர் எட்டாத இடங்களுக்கெல்லாம் பூஞ்சையின் நுண்ணிழைகள் சென்று, நீரையும் மணிச்சத்து முதலான தாதுக்களையும் மரத்துக்குக் கொண்டுவருகின்றன. மரம் தன் இலைகளில் கதிரொளியால் ஆக்கிய சர்க்கரையில் ஒரு பங்கைப் பூஞ்சைக்கு அளிக்கிறது. டிரஃபிள் என்பது இந்த உறவின் கனி. மரமின்றி அது இல்லை. தலோன் மரத்தடியில் பொறுக்கிய கொட்டைகளோடு நுண்வித்துகள் ஒட்டிய மண்ணும் சேர்ந்தே சென்றது. கொட்டை முளைத்தபோது அதன் வேரில் பூஞ்சையும் குடியேறியது. பூஞ்சை வலுப்பெற்ற இடத்தில் மரத்தைச் சுற்றிலும் புல் பட்டுப்போய், தீயால் கருகினாற்போல் ஒரு வட்டம் தோன்றும். அந்த வட்டத்தைக் கண்டதும் அங்குள்ள உழவரின் முகம் மலரும். நமக்குக் கருகலாகத் தோன்றுவது அவருக்கு நல்லறிகுறி.

பிராங்கின் கண்டுபிடிப்பு டிரஃபிளோடு நிற்கவில்லை. நிலத்தாவரங்களில் மிகப் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு பூஞ்சையோடு இத்தகைய உறவில்தான் வாழ்கின்றன என்பதை அவருக்குப் பின் வந்த அறிவியல் நிறுவியது. தனித்து நிற்பதாக நாம் எண்ணும் மரம் மண்ணுக்கடியில் தனித்து நிற்கவில்லை.

கைகள் இல்லாத காடு

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது தென்பிரான்சின் டிரஃபிள் சந்தைகள் நிரம்பி வழிந்தன. 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. நான்கு ஆண்டுகளில் பிரான்சு 13 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. அவர்களுள் மிகப் பலர் சிற்றூர்களின் உழவர் மைந்தர். இன்றும் அந்நாட்டில் எவ்வளவு சிறிய ஊருக்குச் சென்றாலும், ஆலய முன்றிலிலோ ஊர்ச் சதுக்கத்திலோ, மாண்டவர்களின் பெயர் பொறித்த கல் ஒன்று நிற்பதைக் காணலாம். ஒரே குடும்பப் பெயர் இருமுறை, மும்முறை வரும் கற்களும் உண்டு.

டிரஃபிள் தோப்புகளுக்கு இது ஏன் பேரிழப்பாயிற்று? மரங்கள் போரில் மடியவில்லையே என்று நாம் கேட்கலாம். எந்த மரம் கொடுக்கும், எந்தக் கிளையை எப்போது கழிக்க வேண்டும், மண்ணை எவ்வளவு ஆழம் கிளறலாம் என்ற அறிவு ஏடுகளில் எழுதப்படவில்லை. அது தந்தையிடமிருந்து மகனுக்கு, பெரும்பாலும் மறைபொருளாகவே, வழங்கப்பட்டு வந்தது. தலோன் தொடங்கி வைத்த மறைவடக்கம் குடும்பந்தோறும் நிலைத்திருந்தது. அண்டை வீட்டாருக்குத் தெரியாமல் காக்கப்பட்ட அறிவு, மகன் போர்க்களத்திலிருந்து திரும்பாதபோது அந்த வீட்டோடு முடிந்துபோயிற்று.

மரங்களும் முதுமையடைந்தன. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் தோப்பின் விளைவு தளரும். புதிய கன்றுகள் நடப்பட வேண்டும். நடுவதற்குக் கைகள் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இளைஞர் நகரங்களுக்குச் சென்றனர். ஆட்டு மந்தைகள் குறைந்தன. எரிவாயு வந்தபின் விறகு வெட்டுவோரும் காட்டுக்குள் வரவில்லை. புதர் மண்டியது, கிளைகள் ஒன்றோடொன்று பின்னி வானத்தை மறைத்தன. கதிரொளி படாத மண்ணில் கறுப்பு டிரஃபிள் விளைவதில்லை. காடு அடர்ந்தது, காளான் மறைந்தது! ஆயிரம் டன்னுக்கும் மேல் விளைந்த நாட்டில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்டுக்குச் சில பத்து டன்களே கிடைத்தன.

மனிதர் கால் படாதிருந்தால் இயற்கை தானே செழிக்கும் என்று நாம் பல வேளைகளில் எண்ணுகிறோம். பல காடுகளுக்கு அது பொருந்தும். இந்தக் காட்டுக்கோ மனிதரின் அளவறிந்த துணை வேண்டியிருந்தது. அத்துணை அற்றுப்போனதே இக்காளான் இத்துணை அரிதானதற்குப் பெருங்காரணம்.

மீண்டும் நடுவோர்

1970-களில் பிரான்சின் தேசிய வேளாண் ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த ழான் கிரான்த், ழெரார் ஷெவாலியே ஆகிய அறிஞர்கள், டிரஃபிளின் நுண்வித்துகளை நாற்றுகளின் வேரில் ஏற்றி வளர்க்கும் முறையைச் செப்பஞ்செய்தனர். தலோன் அறியாமல் செய்ததை இவர்கள் அறிந்து செய்தனர் எனலாம். அத்தகைய நாற்றுகள் பிரான்சிலும் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் நடப்பட்டன. ஸ்பெயினின் தெருவேல் மாநிலத்தில், மக்கள் வெளியேறிக்கொண்டிருந்த வறண்ட மேட்டுநிலமாகிய சரியோன் வட்டாரம் இத்தோப்புகளால் புத்துயிர் பெற்றது. இன்று கறுப்பு டிரஃபிள் விளைவிப்பதில் ஸ்பெயின் முன்னணியில் நிற்கிறது. 1999-இல் ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாத் தீவிலும் முதல் அறுவடை கிடைத்தது.

2010-இல் இக்காளானின் முழு மரபணுத் தொகுதியையும் அறிஞர் படித்து வெளியிட்டனர். பால்வகை போன்ற இரு வேறு வகைகள் மண்ணுக்குள் சந்தித்தால்தான் கனி உருவாகும் என்ற உண்மை அதன் வழியே தெளிவாயிற்று. இத்தனை அறிந்த பின்னரும் நாற்று நட்டவர் காத்திருக்கத்தான் வேண்டும். கோடை மழையே குளிர்கால விளைச்சலை உறுதி செய்கிறது என்பதை 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. பருவநிலை மாற்றத்தால் தென் ஐரோப்பாவின் கோடை மேலும் வறண்டால் இக்காளான் மீண்டும் அருகிவிடும் என்று அறிஞர் அஞ்சுகின்றனர். ஆகஸ்டு மாத இடிமழையை எதிர்நோக்கி வானத்தைப் பார்த்து நிற்கும் புரோவான்சு உழவரைக் காணும்போது, எலிஸ் நகர விருந்தினரும் நம் பாட்டிமாரும் சொன்னதில் ஒரு துளி உண்மை இருந்தது என்றே தோன்றுகிறது.

அருமை கூடக் கூட விலையும் கூடுகிறது. விலை கூடும்போது மனிதரின் நெஞ்சு சுருங்குவதும் உண்டு. ஒரு கிலோ பல நூறு யூரோவுக்கு விற்கும் பொருளுக்குத் திருடரும் உண்டு. 2010 டிசம்பரில் தென்கிழக்குப் பிரான்சின் கிரின்யான் என்னும் ஊரில், இரவில் தம் தோப்புக்குள் நுழைந்த ஒருவரை இளம் உழவர் ஒருவர் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார். 2015-இல் நீதிமன்றம் அவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. ஒரு குடும்பம் தன் மகனை மண்ணுக்குக் கொடுத்தது; மற்றொரு குடும்பம் தன் மகனைச் சிறைக்குக் கொடுத்தது. மரமும் பூஞ்சையும் பகிர்ந்து வாழ்வதால் விளைந்த கனிக்காக நடந்தது இது. நாம் இதனை எளிதில் கடந்து செல்ல முடியாது.

காணிக்கைக் கூடை

அந்தக் கிரின்யானிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் ரிஷ்ரான்ஷ் என்னும் சிற்றூர் இருக்கிறது. 1136-இல் டெம்ப்ளர் என்னும் துறவு வீரர் சபையினர் அங்கே ஓர் இல்லம் அமைத்தனர். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அவிஞ்ஞோனில் தங்கியிருந்த திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான் காலத்தில், அப்பகுதி திருத்தந்தையரின் ஆட்சிக்குள் வந்து, 1791 வரை அவ்வாறே நீடித்தது. இன்றும் திருத்தந்தையரின் உள்நிலம் என்றே அதற்குப் பெயர். குளிர்காலச் சனிக்கிழமைகளில் புகழ்பெற்ற டிரஃபிள் சந்தை அங்கே கூடும். மூட்டைகள் வண்டிகளின் பின்புறத்திலேயே கைமாறும். பேச்சு தாழ்ந்த குரலிலேயே நடக்கும்.

ஆனால் சனவரி மாதத்தின் மூன்றாம் ஞாயிறன்று அவ்வூரின் நிலை வேறு. அன்று டிரஃபிள் உழவர்களின் பாதுகாவலரான புனித வனத்து அந்தோணியாரின் நினைவாகத் திருப்பலி நிகழும். எகிப்துப் பாலைநிலத்தில் தவம் புரிந்த அவருக்கும் பிரெஞ்சுக் காளானுக்கும் என்ன தொடர்பு? அவருடைய உருவத்தின் காலடியில் ஒரு பன்றி நிற்பதை நாம் படங்களில் கண்டிருக்கிறோம். பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் அவர் பெயரால் தென்கிழக்குப் பிரான்சிலேயே மருத்துவத் துறவற சபை ஒன்று எழுந்தது. அந்தோணியார் நெருப்பு என்று மக்கள் அஞ்சிய கொடிய நோயாளிகளுக்கு அச்சபையினர் பணி செய்தனர்; பன்றிகளையும் வளர்த்தனர். ரை என்னும் தானியக் கதிரில் பிடிக்கும் ஒரு நச்சுப் பூஞ்சையே அந்நோய்க்குக் காரணம் என்பது பின்னாளில் தெரிய வந்தது. ஒரு பூஞ்சை ஏழைகளின் அப்பத்தில் புகுந்து கைகால்களை அழுகச் செய்தது. மற்றொன்று ஏழைகளின் கல்நிலத்தில் விளைந்து அவர்களுக்கு வாழ்வளித்தது. இரு பக்கத்திலும் இத்துறவியின் பெயரே சொல்லப்படுவது எண்ணத்தக்கது.

அத்திருப்பலியில் காணிக்கைக் கூடை சுற்றி வரும்போது மக்கள் பணத்தோடு டிரஃபிள்களையும் இடுகின்றனர். சந்தையில் எடை பார்த்து, விலை பேசி, கை மறைத்து விற்கும் அதே பொருளை அன்று அனைவரும் காணத் திறந்த கூடையில் வைக்கின்றனர். திருப்பலிக்குப் பின் அவை ஊர் நடுவே ஏலம் விடப்படுகின்றன. கிடைக்கும் தொகை பங்கின் தேவைகளுக்கும் ஆலயப் பராமரிப்புக்கும் செல்கிறது.

நம் பங்குகளில் முதல் தேங்காய்க் குலையையும் வாழைத்தாரையும் சேவலையும் பீடத்தின் முன் வைத்து, பூசை முடிந்தபின் ஆலய முற்றத்தில் ஏலம் கூறும் வழக்கத்தை அறிந்த நமக்கு இக்காட்சி அயலானதாகத் தோன்றாது. ஏலத்தில் ஒரு தேங்காய் சந்தை விலையைப் போல் பத்து மடங்குக்குப் போவதையும், எடுத்தவரே அதை மீண்டும் காணிக்கையாக வைப்பதையும் நாம் எத்தனையோ முறை கண்டு மகிழ்ந்திருக்கிறோம். அங்கே கூடும் கூட்டத்தில் கொடுக்கும் மரத்தை உடையவரும் இருப்பர். நட்ட கன்று இன்னும் கொடாதவரும் இருப்பர்.

புரோவான்சின் சரிவுகளில் இன்றும் கருவாலிக் கன்றுகள் நடப்படுகின்றன. நடுவோருள் முதியோரும் உண்டு. அக்கன்றின் வேரில் என்ன நிகழ்கிறதென்று அவர்கள் காண முடியாது. அது கொடுக்கும் நாளில் தாங்கள் இருப்போமா என்பதும் உறுதியில்லை. எந்த மரம் கொடுக்கும், எந்தக் கிளையைக் கழிக்க வேண்டும் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே நடுகின்றனர். முன்னொரு தலைமுறை அதைச் சொல்லாமல் மறைத்து என்ன இழந்தது என்பதை, ஊர்ச் சதுக்கத்தில் நிற்கும் கல் நாள்தோறும் அவர்களுக்கு நினைவூட்டிக்கொண்டிருக்கிறது.